மேட்டுப் புஞ்சைக்கு ஆழ்துளைப் போர் வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். மாப்பிள்ளையும் பேத்தியும் சௌக்கியமா? போனில் இதையெல்லாம் சொன்னால் நீ "சரிப்பா, ஆபீஸ் போய்ட்டுப் பேசுறேன்" என்பாய், பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். சாவகாசமாக இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

மேட்டுப் புஞ்சையில் ஆழ்துளைப் போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, சுற்றிக் கம்பிவேலி கட்டப் பணம் அனுப்புவதாகச் சொன்னாய். போர் வேண்டாம் ஆத்தா. பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

காரைக்குடிக்கு சம்பை ஊற்று என்கிற நிலத்தடி நீர் இருக்கிறது. அது அந்த மண்ணின் வாகு. குன்றக்குடியைத் தாண்டி மேற்கே வர வர, நம் பக்கமெல்லாம் பாறை. மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே செம்பராங்கல், அதற்கும் கீழே கருங்கல். பாறை வெடிப்பில் தேங்கிய தண்ணீர் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் வண்டிக்காரன் இறக்குகிற குழாயிலிருந்து வெறும் புகைதான் பறக்கும். கிடைத்தாலும் என்ன? நாம் ஆழமாக இறக்கினால் பக்கத்துக் கிணற்றுக்காரர் ஒரு கோடையில் வற்றிப்போவார். அவர் கடன் வாங்கி நம்மைவிட ஆழமாக இறக்குவார். கிழக்குத் தெருவில் இந்தப் போட்டி ஓடி முடிந்துவிட்டது. இப்போது அங்கே யார் மோட்டாரிலும் அரைமணி நேரத்துக்கு மேல் தண்ணீர் இல்லை. குடிதண்ணீருக்கு ஊர்ப் பொதுவில் ஒரு போர் வேண்டியதுதான், அதை நான் மறுக்கவில்லை.

மாப்பிள்ளை கணக்கில் புலி. அவரிடம் இந்தக் கணக்கைக் கொடு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 40,000 லிட்டர் தண்ணீர். நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 90 சென்டிமீட்டர் விழுகிறது. பெருக்கினால் ஏக்கருக்கு 36 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி 300. உன் நிலம் நாலு ஏக்கர். வானம் நமக்குக் கொடுக்காமல் இல்லை. ஏறக்குறைய பாதியை ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள், அதுவும் சில நாள் பேய்மழையாகக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் கண்மாய் வெட்டினார்கள். வைகையும் பெரியாறும் எட்டாத ஊரில் வேறு வழியும் கிடையாது.

நான் சர்வேயராகச் சங்கிலி பிடித்தவன், அதனால் சொல்கிறேன். நம்மூர்ப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் கண்மாய்க்கு வருகிற வரத்துக்கால் அழகாக இரட்டைக் கோட்டில் ஓடும். ஓடைப் புறம்போக்கு என்று அடங்கல் கணக்கிலும் இருக்கும். தரையில் போய்த் தேடினால்? ஒரு இடத்தில் வரப்பை நகர்த்தி உழுதிருக்கிறார்கள். ஒரு இடத்தில் குழாய் வைக்காமல் ரோடு போட்டிருக்கிறார்கள். மீதி முழுக்கச் சீமைக்கருவேலம். கண்மாயை மட்டும் ஆழப்படுத்திப் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: தண்ணீர் எந்த வழியாக வரும்?

நம் கண்மாய் தனியாகவும் இல்லை. மேலே உள்ள ஊர்க் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் நமக்கு வரும். நம் கலுங்கு வழிந்தால் கீழே ஏந்தல் என்கிற சின்னக் கண்மாய்க்குப் போகும். மேலே ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கினால் கீழே மூன்று ஊருக்கு நாற்று காயும். இந்தச் சண்டையில் மண்டை உடைந்தவர்கள் உண்டு. இந்த வருஷம் மூன்று ஊர்க்காரர்களும் பிள்ளையார் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். ஒரே கூச்சல், இரண்டு பேர் துண்டை உதறிவிட்டு எழுந்துகூடப் போனார்கள். ஆனாலும் கடைசியில் கலுங்கு மட்டத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுவது, அதற்கு மேல் யாரும் ஒரு கல்கூட வைக்கக்கூடாது என்று முடிவானது. கோடு போடும்போது மூன்று ஊரிலிருந்தும் ஆள் நின்றார்கள். பெயிண்ட் வாங்கிய காசு உன் அம்மாவுடையது, அதை மட்டும் யாரும் நோட்டில் எழுதவில்லை என்று அவளுக்கு இன்னும் மனக்குறை.

சீமைக்கருவேலத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். எல்லாவற்றையும் ஒரே அடியாகப் பிடுங்கிவிட வேண்டியதுதானே என்று. வரத்துக்காலிலும் கண்மாய் உள்வாயிலும் அது பாய்கிற ஆயக்கட்டு வயல்களிலும் பிடுங்கத்தான் வேண்டும். வெட்டினால் போதாது, வேர்க்கட்டையோடு தோண்டாவிட்டால் அடுத்த மழைக்கு நாலு கிளையாக வெடித்து வரும். காய் இனிப்பு, ஆடு மாடு தின்று சாணியோடு ஊரெல்லாம் விதைத்துவிடும். பெரிய மரத்துக்கு ஜே.சி.பி. வேண்டும். கன்றுக்கு மழை பெய்த மறுநாள் போதும், ஈரமண்ணில் அடியைப் பிடித்து இழுத்தால் முழு வேரும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நூறு நாள் வேலைப் பெண்கள் கையில் பழைய சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில், வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையிலிருந்து கலுங்குவரை பிடுங்கிப் போட்டதைப் பார்த்தேன்.

ஆனால் அதே பெண்களில் பாதிப் பேர் வீட்டு அடுப்பு எரிவது இந்த விறகில்தான். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பமும் நம்மூரில் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் ஒரே நாளில் அழித்துவிட்டு "ஊருக்கு நல்லது" என்று சொன்னால் அது என்ன நல்லது? தெற்கே பொட்டலில் இருக்கிற காட்டை இப்போதைக்கு அவர்களுக்கே விட்டிருக்கிறோம், கூறு கூறாக வெட்டிக்கொள்ளட்டும்.

இன்னொன்று, ஜே.சி.பி. ஓட்டுகிற பையனுக்கு நாட்டுக்கருவேலம் எது, சீமை எது என்று தெரியவில்லை. நாட்டுக்கருவேலத்தின் காய் மணி மணியாகக் கோத்த மாதிரி சாம்பல் பூத்து இருக்கும், பூ மஞ்சள் உருண்டை. சீமையின் பூ வால் மாதிரி நீளம், காய் மஞ்சளாக நெட்டை. நாட்டு மரங்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்தோம். கொள்ளுக்குடிப்பட்டிக்கு உன்னைச் சின்னதில் கூட்டிப்போனேனே, வேட்டங்குடி சரணாலயம், கண்மாய்க்குள் மரம் முழுக்க நாரையும் கொக்கும்? அவை கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்தில்தான். அங்கே பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர்க்காரர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சரி, கண்மாய்க்குள் படிந்து கிடக்கிற வண்டல் மண்ணுக்கு வருகிறேன். 2024-லிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கி விவசாயத்துக்கு இலவசமாக எடுக்கலாம். உன் புஞ்சையின் மேல்பாதிக்கு அடித்துவிட்டேன். டிராக்டர் கொட்டும்போது கறுப்பாக, கட்டி கட்டியாக, நத்தை ஓடும் அல்லிக் கிழங்கின் வேருமாகக் கிடந்தது. சித்திரை வெயிலில் காய்ந்து கை நுழைகிற அளவுக்கு வெடித்தது. கோடை மழை ஒன்று விழுந்ததும் நீற்றிய சுண்ணாம்பாகப் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அதைச் செம்மண்ணோடு சேர்த்துச் சரிவுக்குக் குறுக்கே உழுது போட்டிருக்கிறேன். சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார் உன் ஐயா. உழுத மண் முதல் மழையை ஓடவிடாமல் குடித்துக்கொள்ளும். வண்டலும் சேர்ந்தால் அந்த ஈரம் கூடுதல் நாள் நிற்கும்.

வண்டல் எடுப்பதிலும் ஒரு சூது நடக்கிறது. வண்டல் என்று அனுமதி வாங்கிவிட்டு அடியில் இருக்கிற கிராவலை லோடு லோடாக விற்கிறவர்கள் உண்டு. மேலே படிந்த களிதான் கண்மாய்க்குப் பூச்சு. அதைத் தாண்டித் தோண்டினால் தண்ணீர் நிற்காது, கீழே இறங்கிவிடும். கரைக்குப் பக்கத்தில் தோண்டினால் கரையே உட்காரும். மடை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, மாடு குடிக்கத்தான். இதைச் சொல்லி ஒரு லாரியை நாங்கள் மறித்தோம். விவரம் வேண்டாம், அம்மா திட்டுவாள்.

குடிமராமத்து என்று பேச்சு எடுத்தாலே, அந்தக் காலத்தில் கண்மாய் வேலையை ஊரே கூடிச் செய்தது என்று சிலர் உருகுகிறார்கள். அரசும் 2017-ல் அந்தப் பெயரிலேயே திட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. எனக்கு அந்த உருக்கம் முழுசாக ஒட்டவில்லை. வெள்ளைக்காரன் 1858-லேயே வராதவனை வரவைக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. மழையில் ராப்பகலாகக் கரையைக் காத்தவனுக்கும், மூச்சடக்கி முங்கி மடையைத் திறந்தவனுக்கும் களத்தில் ஏதோ கொஞ்சம் நெல் அளந்தார்கள். அவர்களில் பலருக்கு அந்த மடைக்குக் கீழே ஒரு குழி நிலம் கிடையாது. இப்போது சங்கம் வைத்து வேலை செய்கிறோம் என்றால் நிலம் இல்லாதவருக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். மீன் குத்தகைப் பணத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சிக்கு மாதச் சம்பளம் என்று அந்தப் பிள்ளையார் கோவில் கூட்டத்தில்தான் எழுதினோம். அதற்கு எழுந்த எதிர்ப்பு கலுங்குக் கோட்டுக்குக்கூட எழவில்லை.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. வரத்துக்கால் உன் புஞ்சையின் வடக்கு ஓரமாகத்தான் போகிறது. தூர்வாருகிற மண்ணைப் போட்டுக் கரை கட்டவும், வண்டி திரும்பவும் பத்தடி அகலம் வேண்டும். அது பட்டா நிலம், உன் அம்மா சீராகக் கொண்டுவந்து உனக்கு எழுதிவைத்தது. நான் போய்ச் சரி என்று தலையாட்ட முடியாது. நீ விட்டுக்கொடுத்தால் அந்தக் கரையில் பனங்கொட்டை ஊன்றிவிடலாம், மண் சரியாது. கம்பிவேலி கட்டினால் இந்த வேலை நடக்காது. வேலிக்குள் தேக்கோ சந்தனமோ வைத்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைக்கலாம். யாரும் கால் வைக்காத நிலம் இங்கே இரண்டு மழையில் சீமைக்கருவேலங்காடு ஆகிவிடும், அப்புறம் அந்த விதை பக்கத்துக் காட்டுக்கும் பரவும்.

கீழ்ப்பாதியை மகளிர் குழு குத்தகைக்குக் கேட்கிறது. வரகும், ஓரத்தில் துவரையும் போடுவார்கள். வரகு நம் மண்ணுக்குத் தோதானது, மழை பிந்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். அறுவடைக்குப் பின்னால்தான் பாடு, அரிசிமேல் அத்தனை அடுக்கு உமி. உன் அப்பத்தா மண் திருகையில் அரைத்துப் புடைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது மெஷின் வந்திருக்கிறது. குழுவுக்குச் சொந்தமாக ஒன்று இருந்தால் உமி நீக்கக் கூலி கொடுத்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். போருக்கென்று ஒதுக்கிய பணத்தை நான் கண் வைத்திருப்பது இதற்குத்தான். முழுத்தொகையும் வேண்டாம், குழுவும் பாதி போடுகிறது. நிலம் போய்விடுமோ என்று பயப்படாதே. பத்திரத்தில் வருஷா வருஷம் எழுதிக்கொள்வோம், என் கையால்தான் எழுதுவேன்.

அறுப்பு முடிந்ததும் ஆடு மேய்க்கிற கீதாரியிடம் பேசி ஆட்டுக்கிடை போட வைக்கிறேன். ராத்திரிக்கு ராத்திரி பட்டியை இடம் மாற்றினால் நாலு ஏக்கருக்கும் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்துவிடும். அதற்கு மேல் உர மூட்டை தேவைப்படாது. மண்ணை குன்றக்குடி வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பார்க்கவும் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தச் செம்மண்ணில் மக்குச் சத்து குறைவு என்பது பரிசோதிக்காமலே தெரியும், இருந்தாலும் தாளில் இருந்தால் மாப்பிள்ளை நம்புவார்.

நஞ்சையில் ஒரு மூலையில் கவுனி நட ஆசை. நீ அங்கே கடையில் பொட்டலத்தில் பார்த்ததாகச் சொன்னாயே, அதே கறுப்பு அரிசிதான். நாள் கூடுதலாகப் பிடிக்கிற நெல் அது. தைவரை கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் வீட்டுக்கு வரும். நட்டுவிட்டு உனக்குச் சொல்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி வருகிற சித்தப்பாவிடம் சம்மதக் கடிதத்தைக் கொடுத்து அனுப்பு. மாதிரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், சர்வே எண்ணையும் உட்பிரிவையும் மாற்றாமல் அப்படியே எழுது. தெளிவில்லாத இடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, மாப்பிள்ளையும் இருக்கும்போது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கையெழுத்தைத் தமிழில் போடு. பத்திரத்தில் தமிழில்தான் போட்டிருக்கிறாய், இங்கிலீஷில் போட்டால் ஆபீஸில் திருப்பிவிடுவார்கள். இனிஷியலும் அதே மாதிரி.