பெண்கள் ஐக்கிய சங்கம், வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

ஆயர் ஐயா அவர்களுக்கும், தலைவர் அம்மாவுக்கும், கூடியிருக்கும் தாய்மார்கள், சகோதரிகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் தவறாமல் நடந்தன. ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் நின்றுபோனது. அறுப்பின் பண்டிகையில் நம் கடை நன்றாகவே ஓடியது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார். நான் சொல்ல வேண்டிய காரியம் ஒன்றுதான்: நம் தங்கை ஒருத்தியை மலாவி நாட்டுக்கு மிஷனெரியாக அனுப்பியிருக்கிறோம். நம் சங்கத்திலிருந்து ஒருவர் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவது இதுவே முதல் முறை.

அவள் குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ். அழைப்பு வந்து மூன்று வருஷம் ஆயிற்றாம்; யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவைத் தனியாக விட்டுப் போகப் பயம். வழியனுப்புக் கூட்டத்தில் அவள் அதைச் சொல்லி அழுதபோது, நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதைதான் என் மனதில் ஓடியது. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாது வருஷப் பஞ்சத்தின்போது சிறு பிள்ளை; பட்டினி கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டியைப் பிட்டு வைத்தவர். அந்தக் காட்சி பிடிக்காமலேதான், அமெரிக்காவிலேயே நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைத்தார். அப்புறம், உடல்நலமில்லாத தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்றும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரான அப்பாவை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை. இவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். 1899-ல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். ஓடிப் பார்த்தவரைத்தான் ஆண்டவர் பிடித்தார். நம் தங்கைக்கும் அப்படியே நடந்தது என்று நான் நம்புகிறேன்.

கூட்டத்தில் அவள் ஒரு நாடாவை எடுத்துக் காட்டினாள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கையைச் சுற்றி அளப்பார்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு; அந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. முன்வரிசையில் மடியில் இருந்த குழந்தையின் கையில் சுற்றினாள், பச்சை. பிறகு சிவப்பு அளவுக்கு வளைத்து நம் கையில் கொடுத்தாள். என் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அந்த வட்டத்தைச் சுற்றி எளிதாகச் சேர்ந்துவிட்டன. அதற்குள் ஒரு பிள்ளையின் கை. கூடத்தில் ஒருவரும் பேசவில்லை.

2024-ல் மலாவியில் மழை பொய்த்து, மக்காச்சோளம் கருகி, அரசே பேரிடர் என்று அறிவித்தது. அங்கே சாப்பாடென்றால் மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நம் கேழ்வரகுக் களி மாதிரியே கையால் உருட்டிச் சாப்பிடுகிறார்களாம். மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மருந்துணவு எதில் செய்வது தெரியுமா? வேர்க்கடலையில்! அரைத்த கடலையோடு பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் சேர்ந்த பசை. ஒரு சிறு பொட்டலத்தில் 500 கலோரி. பிள்ளை அதை அப்படியே பிதுக்கித் தின்னலாம். காய்ச்சத் தண்ணீரோ அடுப்போ வேண்டாம். மல்லாட்டை பிடுங்கி வளர்ந்த நமக்கு இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷம்!

அவள் பயணச் செலவில் ஒரு பங்கு பிடியரிசிக் காணிக்கையிலிருந்து வந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்ட ஒவ்வொரு தாய்க்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன்: புதிய குடும்பங்களில் பலர் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நாம் வீடு வீடாகப் போய்க் கேட்கவும் இல்லை. அது செயலாளராகிய என் குறைதான்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. சிவப்பில் சேர்ந்த ஒரு பெண் குழந்தை இப்போது மஞ்சளுக்கு ஏறியிருக்கிறாள். பருத்தித் துணியில் சின்னச் சட்டைகள் தைத்து அனுப்பச் சொன்னாள். பழைய புடவையே போதுமாம். தையல் மெஷின் உள்ளவர்கள் இன்றைக்கே பெயர் கொடுங்கள். புதிய பிடியரிசிப் பைகள் வாசலருகே மேசைமேல் இருக்கின்றன.

இப்படிக்கு,
செயலாளர்