‘சொந்த ஊற்றோடு ஐந்து ஏக்கர்’: நீலகிரி மாளிகை விளம்பரங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம். கோத்தகிரி வட்டத்தில் சிறிதளவு தேயிலை நிலம் வைத்திருப்பவன் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து மலைச்சரிவுகளில், தேயிலைக்கு நடுவே தனித்து நிற்கும் சொகுசு பங்களாக்கள் ஏக்கர் கணக்கில் நிலத்தோடு விற்பனைக்கு வருகின்றன. அண்டை வீடு கண்ணில் படாது என்றும், தனிப் பாதை உண்டு என்றும், வற்றாத சொந்த ஊற்று உண்டு என்றும் விளம்பரங்கள் சொல்கின்றன. சோலையின் ஓரம், பள்ளத்தாக்கின் பனிமூட்டம் என்று எல்லாம் படத்தில் இருக்கின்றன. அந்த வீட்டின் கட்டட அனுமதி எண் மட்டும் நான் பார்த்த எந்த விளம்பரத்திலும் இல்லை.

விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பசுந்தேயிலை விலை பறிகூலிக்கே போதாத மாதங்களைக் கண்ட எவரும், நிலத்தை விற்றுவிட்டுக் கோவையில் குடியேறுபவரைக் குறை சொல்ல மாட்டார். மலையில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையும் புதிதல்ல. 1819இல் கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் பங்களா கட்டிய நாளிலிருந்து அது தொடர்கிறது. என் முறையீடு, வாங்குபவரிடம் எது சொல்லப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

ஊற்றையே எடுத்துக்கொள்வோம். எங்கள் மலைகளில் இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பில் சதுப்பு இருக்கும். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாகக் கசியவிடும். விளம்பரம் ‘சொந்த ஊற்று’ என்று அழைப்பது பெரும்பாலும் இந்தக் கசிவைத்தான். அதே நீர்தான் கீழே உள்ள ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், தொட்டிக்கும், அதற்கும் கீழே உள்ள காய்கறித் தோட்டத்துக்கும் போகிறது. புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், ஓடைப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட இடம் பட்டாதாரருக்குச் சொந்தமல்ல என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து, காலைப் பனியில் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவருக்கு அதை யார் சொல்கிறார்கள்? வாங்கிய பின் அவர் சதுப்பின் குறுக்கே வேலி போடுகிறார், நடுவில் குளம் வெட்டுகிறார். மறு கோடையில் ஹட்டிக்காரர்கள் குடத்தோடு அவர் வாசலில் நிற்கும்போது, தன் பணத்துக்குத் தான் வாங்கிய தண்ணீரைக் கேட்க இவர்கள் யார் என்று அவர் உண்மையாகவே திகைக்கிறார்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு ஒப்புதல் தரும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், அதாவது நாம் ஹாக்கா என்று அழைப்பது, 1990 முதல் இருக்கிறது. 1,500 சதுர அடி பரப்பு, 7 மீட்டர் உயரம் என்ற இரண்டு வரம்புகளை இங்கே வீடு கட்ட முயன்ற எவரும் மறந்திருக்க மாட்டார். மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் இவை யாவும் கட்டுகிறவரையும் வெட்டுகிறவரையும்தான் கேள்வி கேட்கின்றன, விற்கிறவரைக் கேட்பதில்லை. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ஆனால் அது மனைப்பிரிவுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் உரியது. ஒரே ஒரு பழைய பங்களாவை ஐந்து ஏக்கரோடு கைமாற்றுபவர் அந்த வலைக்குள் வருவதில்லை. ஊட்டியில் இரண்டு நாள் தங்க வருபவரிடம் இ-பாஸ் கேட்கிறோம், ஒரு மலைச்சரிவையே வாங்க வருபவரிடம் எதையும் கேட்பதில்லை என்பது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது.

இதில் இழப்பு அடைபவர் ஹட்டிக்காரர் மட்டுமல்லர், வாங்குபவரும்தான். 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டதும், 2020 அக்டோபரில் அந்த நீதிமன்றம் வழித்தட அறிவிக்கையை உறுதி செய்ததும் நாம் கண்டவை. கூடலூரில், ஜன்மிகள் எனப்பட்ட பரம்பரை நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969ஆம் ஆண்டு ஜன்ம நிலச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களின் கதை இன்னும் முடியவில்லை. பத்திரம் கையில் இருப்பதாலேயே நிலம் கையில் இருப்பதாக ஆகிவிடாது என்பதற்கு இந்த மாவட்டத்தைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

சரிவின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புல்வெளிக்கும் கார் நிறுத்தவும் சமதளம் வேண்டும் என்று பொக்லைன் கொண்டு சரிவைச் செங்குத்தாக வெட்டிய இடங்களில், மழைநீர் ஊறிய மண்ணுக்குப் பிடிப்பு இருப்பதில்லை. அந்தச் சமதளத்தைத்தான் விளம்பரம் ‘காட்சி மாடம்’ என்று விலை பேசுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. மலைப்பகுதிகளில் ஒரு ஏக்கருக்கு மேல் நிலத்தோடு வீடு விற்பனைக்கு வரும்போது, கட்டட அனுமதி எண்ணும் அனுமதிக்கப்பட்ட பரப்பும் விளம்பரத்திலேயே இடம்பெற வேண்டும். பத்திரப் பதிவின்போது இடத்தின் புகைப்படம் இணைக்கப்படுவதுபோல், ஓடையும் பொதுப்பாதையும் குறிக்கப்பட்ட புலப்படமும், நிலத்தின் வகையும் உரிமையும் பதிவாகும் கிராமக் கணக்கான அ-பதிவேட்டின் நகலும், வாங்குபவர் படித்து ஒப்பமிட்ட நிலையில் இணைக்கப்பட வேண்டும். இவை எல்லாமே ஏற்கெனவே அரசு அலுவலகங்களில் இருக்கும் தாள்கள்தாம். முதலில் கோத்தகிரி, குன்னூர் சார்பதிவாளர் அலுவலகங்களில் இதை நடைமுறைப்படுத்திப் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழைக்கு முன், நிலம் பார்க்க ஆட்கள் அதிகம் வரும் கோடை மாதங்களிலேயே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர்