வைக்கோல் வந்த கன்டெய்னரும் உங்கள் கைக்கு வந்த பில்லும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பல கடைக்காரர்களின் சரக்கை ஒன்றாக ஏற்றி வரும் போன மாதக் கூட்டுக் கன்டெய்னர் தாமதமாக வந்தது, பில்லும் கோட்டேஷனைவிடக் கூடிவிட்டது. அதில் சரக்கு வைத்திருந்தவர்களுக்கு இந்த மடல் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் வாட்ஸ்அப் புண்ணியத்தில் விஷயம் வந்து சேர்ந்திருக்கும். "கோட்டேஷன் ஒன்று, பில் வேறொன்று, துறைமுக சார்ஜ் என்று எதையெதையோ சேர்த்துக் கறக்கிறார்" என்ற செய்தி சிட்னியில் வென்ட்வொர்த்வில்லில் கிளம்பி, டூங்காபி, பென்டில் ஹில் எல்லாம் சுற்றி, மெல்பர்னில் டான்டினாங் கடைக்காரர்கள் வரைக்கும் போயிருக்கிறது. போகிற வழியில் எனக்கும் வந்தது. நேரே கடைக்கு வந்து "என்னய்யா இது?" என்று கேட்டவர்களுக்கு நன்றி. அவர்களிடம் சொன்னதையே இங்கே எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் தாமதம். ஆடி விற்பனைக்கு வந்திருக்க வேண்டிய சேலைகள் ஆடி கடைசியில்தான் வந்தன. வரலட்சுமி நோன்புக்கென்று கேட்டிருந்த பூஜைச் சாமான்கள் நோன்பு முடிந்து வந்தன. இதனால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு உண்மையாகவே வருந்துகிறேன்.

நடந்தது இதுதான். கன்டெய்னர் வழக்கம்போலத் தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, போர்ட் பாட்டனி வந்து இறங்கியது. அதுவரை ஒரு குறையும் இல்லை. சரக்கைப் பிரித்து இறக்கும் டெப்போவில் கதவைத் திறந்து பார்த்தால், பித்தளைக் குத்துவிளக்குப் பெட்டிகள் சிலவற்றில் வைக்கோல் திணித்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் கட்டிப் பொருள் அனுப்பக் கூடாது. உமி, காய்ந்த புல், காய்கறி வந்த பழைய அட்டைப்பெட்டி இவையும் கூடாது. வைக்கோல் இல்லை என்று அனுப்புகிறவர் பேக்கிங் டிக்ளரேஷனில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் சரக்கு ஏறுகிறது. இதிலும் போட்டிருந்தது. வைக்கோல் மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெட்டிகளோடு போயிருக்கும். அதற்குள் உயிருள்ள வண்டும் இருந்தது.

ஒரு வண்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்டது எனக்குத் தெரியும். இந்த ஊர் விவசாயத் துறை அதிகாரிகளுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கன்டெய்னரில் வண்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கப்ரா வண்டு. தானியக் கிடங்குக்குள் புகுந்துவிட்டால் அதை விரட்டுவது லேசில்லை. அதன் புழு வருடக்கணக்கில் இரை இல்லாமலே இடுக்கில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும். கோதுமையும் பருப்பும் ஏற்றுமதி செய்து பிழைக்கிற நாடு இது. பயப்படாமல் என்ன செய்யும்? அதனால் வண்டு இன்னது என்று ஆய்வுக்கூடம் சொல்லும்வரை ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. கப்ரா இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பூச்சி பூச்சிதான் என்று முழுக் கன்டெய்னருக்கும் மெத்தில் புரோமைடு வாயு அடிக்கச் சொன்னார்கள். ஓசோனைக் கெடுக்கும் வாயு என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி மற்ற உபயோகங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை செய்துவிட்டார்கள். இப்படிப் பூச்சியைத் தடுக்கும் குவாரன்டீன் வேலைக்கு விலக்கு உண்டு. அடிக்கிற லைசென்ஸ் உள்ள ஆளுக்காகக் காத்திருப்பு, அடித்தபின் ஒரு நாள் மூடி வைப்பு, பிறகு காற்றாட விட்டு வாயு பாதுகாப்பான அளவுக்கு இறங்கும்வரை உள்ளே யாரும் கால் வைக்க முடியாது. கூட்டுக் கன்டெய்னர் ஷேர் ஆட்டோ மாதிரி. ஒருவரை போலீஸ் நிறுத்தினால் எல்லோரும்தான் நிற்க வேண்டும்.

விளக்கு யாருடையது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவரும் உங்களைப் போல ஒரு கடைக்காரர். பட்டறையில் பெட்டி கட்டியவர் பித்தளை நசுங்கக் கூடாதே என்று காலங்காலமாகச் செய்வதைச் செய்திருக்கிறார். வைக்கோலை எடுத்து அழித்த செலவு முழுவதையும், வாயு அடித்த செலவில் பாதியையும் விளக்குக்காரர் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார். மீதிப் பாதிதான் கன மீட்டர் கணக்கில் உங்களுக்குப் பிரிந்தது. காலிக் கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பியதற்குக் கப்பல் கம்பெனி போட்ட டிடென்ஷன் தொகை உங்கள் யார் பில்லிலும் இல்லை. எங்கே போயிற்று என்று நினைக்கிறீர்கள்? என் கையிலிருந்துதான் போயிற்று.

சரி, பில்லுக்கு வருவோம். மற்ற எதையும்விட என்னைச் சுட்டது இந்த "மறைமுகக் கட்டணம்" என்ற பேச்சுதான்.

என் பில்லில் இருக்கும் தொகைகளில் என்னுடையது ஒன்றே ஒன்று: கையாளும் கட்டணம். மற்ற எல்லாம் என் வழியாகப் போகிறதே தவிர என்னிடம் தங்குவதில்லை. கப்பல் கூலி கப்பல் கம்பெனிக்கு. சிட்னியில் இறக்குகிற டெர்மினல் ஹேண்ட்லிங்கும் அவர்கள் வாங்குவதுதான். துறைமுகத்துக்குள் லாரி போய்க் கன்டெய்னர் எடுப்பதற்கு டெர்மினல்காரர்கள் தனியாக ஒரு நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அதைக் கப்பல் கம்பெனியிடம் கேட்பதில்லை, லாரிக்காரரிடம் கேட்கிறார்கள். லாரிக்காரர் என்னிடம் கேட்கிறார், நான் உங்களிடம் கேட்கிறேன். லாரிக்காரருக்கு வேறு வாசல் இருக்கிறதா? போட்டியையும் நுகர்வோர் நலனையும் கவனிக்கும் அரசு ஆணையமான ஏசிசிசி இந்த டெர்மினல்களைப் பற்றி ஆண்டுதோறும் கண்காணிப்பு அறிக்கை போடுகிறது. படித்துப் பாருங்கள், நான் புலம்புவதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கிற அதிகாரம் அதற்கு இல்லை. இது போக லாரி உள்ளே போக நேரம் புக் பண்ணும் காசு, டெப்போவில் பிரித்து இறக்கும் கூலி, இம்போர்ட் டிக்ளரேஷனுக்கு அரசு வாங்கும் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் மூல ரசீது என்னிடம் இருக்கிறது. யார் வந்தாலும் ஃபைலை எடுத்து மேசைமேல் வைக்கிறேன்.

எடைக் கணக்கில்தான் பலருக்கும் சந்தேகம். ஒரு கன மீட்டர் அல்லது ஆயிரம் கிலோ, எது கூடுதலோ அதற்குத்தான் கூலி. உலகம் முழுக்க இதே கணக்கு. கோயம்புத்தூர் கிரைண்டர் கல் ஒரு பேலட், அளந்தால் 1.2 கன மீட்டர்தான் இருக்கும். கல் என்பதால் எடை ஒன்றரை டன் காட்டும். பில்லில் 1.5 என்று வரும். "அளவு 1.2, பில் 1.5" என்று வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இதுதான். அந்தப் படத்தில் எடைச்சீட்டு வெட்டப்பட்டிருந்தது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 10 சதவீதம் என்றால் இன்வாய்ஸ் தொகைக்கு மட்டும் இல்லை. சரக்கின் மதிப்பு, அதன்மேல் சுங்கவரி, வெளிநாட்டிலிருந்து இங்கே வந்த கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு 10 சதவீதம். சரக்கு 10,000 டாலர், கூலி 1,200, இன்ஷூரன்ஸ் 100 என்று வையுங்கள். சுங்கவரி இல்லையென்றால் ஜிஎஸ்டி 1,130. ஐந்து சதவீத வரி விழுந்தால் 500 டாலர் வரி, ஜிஎஸ்டி 1,180 ஆகும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அதை வரித்துறைக்குக் கொடுக்கும் பாஸ் (BAS) கணக்கில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 500 போனது போனதுதான். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி நம் சரக்கில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்கவரி கிடையாது, ஆனால் சரக்கு இந்தியாவில் செய்தது என்று காட்டும் ஆரிஜின் சர்டிஃபிகேட் கையில் இருக்க வேண்டும். ஊரில் சப்ளையரிடம் கேட்டு வாங்குங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அதெல்லாம் எதுக்கு சார்" என்று அவர் சொன்னதும் விட்டுவிடுகிறீர்கள். அப்புறம் வரி வந்ததும் என் பேர் கெடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மலிவாக, கன மீட்டருக்குக் கப்பல் கூலியே கிடையாது என்கிற மாதிரி கோட்டேஷன் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. எங்கே என்று நான் சொல்லப் போவதில்லை. இந்தத் தொழிலில் அது பழைய வழக்கம். அந்தப் பக்கம் கூலியைக் குறைத்துக் காட்டி, சரக்கு சிட்னியில் இறங்கியபின் டெஸ்டினேஷன் சார்ஜ் என்று இந்தப் பக்கம் பிடித்துக்கொள்வார்கள். சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் என்ன பேரம் பேச முடியும்? கோட்டேஷன் வாங்கும்போது "என் கடை வாசல் வரைக்கும் மொத்தம் எவ்வளவு, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். என்னிடமும் அப்படியே கேளுங்கள். வைக்கோல், வண்டு மாதிரி யாரும் எதிர்பார்க்காத செலவு மட்டும் அதில் வராது. அதை எந்தச் சரக்கு முகவரும் முன்கூட்டி எழுதித் தர முடியாது.

செங்கடல் விவகாரத்தைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். நம் சரக்கு அந்த வழியே வருவதே இல்லை, பிறகு ஏன் கூலி ஏறியது என்று. நியாயமான கேள்வி. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் தொடங்கியபின் ஐரோப்பா போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. பயணம் நீண்டதால் அதே சரக்குக்குக் கூடுதல் கப்பல் வேண்டியிருந்தது. அதனால் மற்ற வழிகளிலும் கப்பலுக்குத் தட்டுப்பாடு, கூலியும் ஏறியது. 2024இல் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் நெரிசல். நம் பெட்டி கொழும்பில் இடம் கிடைக்காமல் அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடந்தது அந்தச் சமயத்தில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் "நீங்க பார்த்துக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லித் தீபாவளிச் சரக்கை என்னிடமே கொடுத்திருப்பவர்களுக்கு என்ன சொல்வது? கோவிட் காலத்தில் கப்பல் கூலி பல மடங்கு ஏறியபோதும் கூடவே இருந்தவர்கள் நீங்கள். டெப்போ வாசலில் வேனோடு நின்று, அடுத்தவர் பெட்டியையும் சேர்த்து ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்த யாழ்ப்பாணத்துத் தம்பிக்கும், தன் சரக்கு நின்றிருந்தும் எனக்காக அந்த வாட்ஸ்அப் குழுவில் பேசிய சேலைக் கடை அக்காவுக்கும் தனியாக நன்றி. உங்களை மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் இந்தக் கடை நடக்கிறது.

இனி சில மாற்றங்கள். தூத்துக்குடி கிடங்கில் ஒவ்வொருவர் சரக்கிலும் சில பெட்டிகளைத் திறந்து போட்டோ எடுத்த பிறகுதான் ஏற்றுவோம். கொழும்பில் சேரும் சரக்குக்கும் அப்படியே. மரப் பேலட்டில் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய சர்வதேச முத்திரை இல்லையென்றால் ஏற்றவே மாட்டோம். சேலைப் பெட்டிக்குள் வீட்டுக்கென்று ரெண்டு கிலோ சீரகம், கொஞ்சம் பொன்னி அரிசி, மிளகாய் வற்றல் என்று யாரும் செருக வேண்டாம்; கப்ரா வண்டுக்காகத் தடுத்து வைத்திருக்கும் பொருள்களின் பட்டியலில் இவை எல்லாம் இருக்கின்றன, மாட்டினால் மொத்தச் சரக்கும் நிற்கும். போட்டோ வேலைக்கு அங்கே ஆள் போட்டிருப்பதால் கையாளும் கட்டணம் அடுத்த மாதம் முதல் 85 டாலருக்குப் பதில் 110. கப்பல் கூலியைச் சரக்கு ஏற்றும்போதே முன்பணமாகக் கட்ட வேண்டும். போட்டோக்கள் அன்றன்றே உங்கள் போனுக்கு வந்துவிடும், நீங்களே பார்த்து ஓகே சொல்லலாம்.

இங்கிருந்து கொழும்புக்குப் பருப்பு அனுப்புகிறவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை. முன்பு மாதிரியே முழுக் கன்டெய்னர், தாவரச் சுகாதாரச் சான்றிதழ் நாங்கள் எடுத்துத் தருவோம்.

தீபாவளிச் சரக்கு செப்டம்பர் 5க்குள் தூத்துக்குடி கிடங்குக்கு வந்தாக வேண்டும். கடலில் நாலைந்து வாரம், இங்கே கிளியரன்ஸுக்கு ஒரு வாரம், எதற்கும் கையிருப்பாக இன்னொரு வாரம் என்று கணக்குப் போட்டுத்தான் இந்தத் தேதி. சப்ளையர் "ஆறாம் தேதி தர்றேன்" என்றால் எனக்கு உடனே போன் பண்ணுங்கள். அடுத்த கன்டெய்னரில் உங்கள் இடத்தை மாற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சரக்கு முகவர்,
சிட்னி