பாலையாவைத் தனியாகப் பார்க்காதே

சேலம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹால் வரைக்கும் நடக்கிறாய் என்று படித்ததும் காமாட்சிக்குப் பெரிய நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே. வலிக்கிறது என்று நிறுத்தினால் கால் மடங்காமலே போய்விடும். தங்கச்சி சொல்வதைக் கேள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் அங்கே வீடு பார்த்து முடிக்கும் வரை பேரன் எங்களோடுதான் இருக்கிறான். வாசல் மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி.

நீ கடைசிப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். மத்தியானம் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபிறகு 'காதலிக்க நேரமில்லை' போட்டுப் பார்த்தாய், சிரிப்பே வரவில்லை, படத்துக்கு வயசாகிவிட்டதா நமக்கு வயசாகிவிட்டதா தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரெண்டும் இல்லையடா. நீ தனியாகப் பார்த்திருக்கிறாய், அதுதான் காரணம்.

நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை இன்னொரு தரம் பார். நாகேஷ் வாயாலேயே பின்னணி ஓசையெல்லாம் கொடுத்துப் பயமுறுத்துகிறார். கேமரா அடிக்கடி பாலையாவின் முகத்துக்குப் போய் நிற்கிறது. பாலையா அதிகம் பேசுவதில்லை. கண், உதடு, தாடை, அவ்வளவுதான். அந்த இடைவெளி எதற்கு? கொட்டகை சிரித்து ஓய்வதற்கு. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று தெரிந்து 1964-இல் எழுதிய காட்சி அது. அந்த ஆயிரம் பேரை எடுத்துவிட்டு நீ ஒருவனாகப் பார்த்தால் இடைவெளி இடைவெளியாகத்தான் தெரியும். படம் மெதுவாகப் போவதுபோல் இருக்கும். நாம் அதை டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தபோது பாதி வசனம் காதிலேயே விழவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வாரம் மறுபடி போனதே விட்ட வசனத்தைக் கேட்பதற்குத்தான்.

இதை நானாகக் கற்பனை செய்து சொல்லவில்லை. அமெரிக்காவில் மார்க்ஸ் சகோதரர்கள் என்ற சிரிப்பு நடிகர்கள் 1935-இல் 'எ நைட் அட் தி ஆப்பரா' எடுப்பதற்கு முன்னால், தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் அவர்களை ஊர் ஊராக அனுப்பி, படத்தின் நகைச்சுவைக் காட்சிகளை மேடையில் நாடகமாக நடிக்கவைத்தார். சனங்கள் எங்கே சிரிக்கிறார்கள், சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டார்கள். சிரிப்பு வராத வசனத்தை வெட்டினார்கள். வந்த இடத்தில் அடுத்த வசனம் அமுங்கிப் போகாதபடி நேரம் விட்டார்கள். சின்னக் கப்பல் அறைக்குள் ஆள்மேல் ஆளாக வந்து அடைந்துகொண்டே இருக்கும் காட்சி அந்தப் படத்தில்தான். போன மாதம் பேரன், காமாட்சி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்து அதைப் போட்டேன். இங்கிலீஷ் வசனம் பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆனால் அறைக்குள் ஒவ்வொரு ஆளாக நுழைய நுழைய, பக்கத்து வீட்டுப் பாட்டி "இன்னும் ஒருத்தனா!" என்று கத்த, வீடே அதிர்ந்தது. அதே காட்சியை முந்தின நாள் சரிபார்க்க நான் தனியாகப் பார்த்தபோது புன்னகையோடு சரி.

அதனால் முதல் ஏற்பாடு: உன் மகனும் மருமகளும் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமை அன்று மட்டும் சிரிப்புப் படம் வை. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் அமெரிக்கச் சிரிப்பு நடிகர் பஸ்டர் கீட்டனில் ஆரம்பி. 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' பேசாப்படம், மொழித் தொல்லை இல்லை. கடைசியில் புயல் அடிக்கும்போது ஒரு வீட்டின் முன்சுவர் மொத்தமாகப் பெயர்ந்து அவர் மேல் விழும். திறந்திருந்த மாடி ஜன்னல் சரியாக அவர் நிற்கிற இடத்தில் வர, அவர் அப்படியே நிற்பார். நிஜமான கனத்த சுவர், நிஜமான மனுஷன், தந்திரக் காட்சி ஒன்றும் கிடையாது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆளே இல்லை. பேரன் இதைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான், அடுத்த நொடி சிரிக்க ஆரம்பித்தான், அப்புறம் நிறுத்தவே இல்லை. பயமும் சிரிப்பும் இத்தனை பக்கத்தில் இருப்பதை அவன் அன்றைக்குத்தான் கண்டான் என்று நினைக்கிறேன்.

சரி, நீ தனியாக இருக்கிற மத்தியானங்களுக்கும் தூக்கம் வராத ராத்திரிகளுக்கும் என்ன செய்வது? அதற்குப் பழைய விஞ்ஞானப் படங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூட்டம் வேண்டாம். கூட்டம் இருந்தால் கெட்டுப்போகும். குப்ரிக் எடுத்து 1968-இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யை நாம் ஹாஸ்டல் நாட்களில் பார்க்கப்போய், கொட்டகையில் விசில் அடித்தார்கள் என்று பாதியில் எழுந்து வந்தோமே, அதைத்தான் முதலில் சொல்வேன். ஆரம்பத்தில் ஏறக்குறைய 25 நிமிஷத்துக்கு ஒரு வசனமும் இல்லை. கடைசிப் பகுதியிலும் இல்லை. விண்வெளி உடைக்குள் ஆள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் நிமிஷக் கணக்கில் கேட்கும். ராத்திரி விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார். சீலிங் ஃபேன் சத்தம்கூட அந்தப் படத்துக்கு இடைஞ்சல். மனிதன் நிலவில் கால் வைப்பதற்கு ஓராண்டுக்கு முன்னாலேயே வந்தது என்று நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். ஹால் என்ற கம்ப்யூட்டர் ரெண்டு பேர் ரகசியமாகப் பேசுவதை உதட்டசைவிலிருந்தே தெரிந்துகொள்கிற இடத்தில் எனக்கு முதுகு சில்லிட்டது. பக்கத்தில் யாராவது முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தால் சில்லிட்டிருக்குமா?

நம் பக்கத்திலேயே இருப்பவற்றையும் விட்டுவிடாதே. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தானே நாம் சைக்கிள் மிதித்தோம்? அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் 1952-இல் அமெரிக்கர்களோடு கூட்டாக 'காடு' என்ற படத்தை எடுத்தது. இங்கிலீஷில் 'தி ஜங்கிள்'. ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் எல்லாம் நடித்தது. யானைக்கூட்டம் மிரண்டு ஓடுகிறது, காரணம் தேடிக் காட்டுக்குள் போகிறவர்கள் எப்போதோ அழிந்துபோன, உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த மாமத் யானைகளைக் காண்கிறார்கள். படம் சுமார்தான், நடுவில் இழுக்கும். ஆனால் நம் யானைகள் மேல் ரோமத்தைப் போர்த்தி ஆதிகால மிருகம் ஆக்கத் துணிந்தது நம்மூர் டி.ஆர். சுந்தரத்தின் நிறுவனம் என்கிறபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

'கலை அரசி'யைப் பற்றித்தான் உன்னிடம் நிறையப் பேச வேண்டும். 1963 ஏப்ரலில் வந்த படம், காசிலிங்கம் இயக்கியது. கேரளத்துத் தும்பாவில் நம் மண்ணிலிருந்து முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட் கிளம்பியது அதே வருஷம் நவம்பரில். அதாவது இங்கிருந்து அப்படி ஒரு ராக்கெட்டும் கிளம்பாத நாளிலேயே எம்.ஜி.ஆர். வேற்றுக்கிரகத்துக்குப் போய்விட்டார்! அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் வேற்றுக்கிரகத்து ஆள் வந்தால் பெரும்பாலும் பூமியைப் பிடிக்கத்தான் வருவான். இந்தப் படத்தில் எதற்கு வருகிறார்கள், யோசித்துப் பார். அவர்களுக்கு விஞ்ஞானம் எல்லாம் கைவந்துவிட்டது, கலை மட்டும் வரவில்லை. அதனால் பாட்டிலும் நடனத்திலும் தேர்ந்த ஒருத்தியைத் தேடி வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பறக்கும் தட்டும் உடைகளும் இன்றைக்குப் பொம்மைபோல் இருக்கலாம். இருக்கட்டும். எல்லாம் உள்ள ஓர் உலகத்துக்கு என்ன குறையாக இருக்கும் என்று ஒருவர் கேட்டுப் பார்த்து, சங்கீதம் என்று பதில் எழுதியிருக்கிறார். அந்த யோசனைக்கு நான் தலை வணங்குகிறேன். பட்ஜெட்டை வைத்து ஒரு விஞ்ஞானப் படத்தை எடைபோடுவது சரியில்லை, அது கேட்கிற கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ரெண்டு வகையும் ஒன்றாகச் சேர்ந்த படங்கள் நம்மிடம் அபூர்வம். 1986-இல் வந்த 'விக்ரம்' அந்த வகை. சுஜாதா எழுதிய கதை. அக்னிபுத்ரா என்ற ஏவுகணையைக் கடத்திவிடுகிறார்கள். நிஜ அக்னி ஏவுகணை முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது 1989-இல்! சலாமியா நாட்டுக்குள் நுழைந்தபிறகு, இல்லாத ஒரு மொழிக்கு ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளராக வருவாரே, அந்த இடம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு. கம்ப்யூட்டர் காட்சிகள் உனக்கு மட்டும், ராத்திரிக்கு.

எனக்கு இதிலெல்லாம் மேலாகப் பிடித்தது 1957-இன் 'மாயா பஜார்'. புராணப் படம்தானே என்பாய். பிரியதரிசினி என்று ஒரு பெட்டி வருகிறது அல்லவா? திறந்து பார்த்தால், பார்க்கிறவருக்கு எது மிகப் பிரியமோ அது தெரியும். கதாநாயகிக்கு அபிமன்யு. அவள் அம்மா ரேவதிக்கு நகைகள். பேரன் இதைப் பார்த்ததும் "தாத்தா, இது போன்தானே?" என்றான். வீடியோ காலில் அம்மாவைப் பார்க்கிற பிள்ளை, அதனால் அப்படிக் கேட்டான். ஆனால் நான் அன்று ராத்திரி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவரவர் ஆசை என்னவென்று தெரிந்துகொண்டு அதையே காட்டுகிற பெட்டி இன்றைக்கு எல்லார் பையிலும் இருக்கிறது. ரேவதிக்கு நகை வருவதுபோல் காமாட்சிக்குப் பட்டுப்புடவையாக வந்துகொண்டே இருக்கிறது. இயக்குநர் கே.வி. ரெட்டி அதை ஒரு கேலிக் காட்சியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒரே ஆளாகக் காலி செய்யும் பாட்டுக்குக் குழந்தைகள் எப்படிச் சிரிப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயம். உன் மகன் வாங்கிய பெரிய டிவியில் பழைய படத்தை அப்படியே போடாதே. அந்தக் கால கறுப்பு வெள்ளைப் படங்கள் அநேகமாக நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுத்தவை. டிவி அதை அகலத்துக்கு இழுத்துவிடும், சாவித்திரிகூடச் சப்பையாகத் தெரிவார். சில பதிவுகளில் மேலும் கீழும் வெட்டி, தலையே பாதி போயிருக்கும். அந்தப் பதிவைத் தொடாதே, வேறு தேடு. டிவி அமைப்பில் படத்தின் அளவை 4:3 என்று மாற்று. அசைவை வழவழப்பாக்குகிற ஒரு வசதியும் இருக்கும், அதை அணைத்துவிடு. இல்லாவிட்டால் எல்லாம் சீரியல் மாதிரி இருக்கும். பேச்சுத் தெளிவில்லை என்றால் ஒரு சின்ன வெளி ஸ்பீக்கர் போதும். இந்த மூன்றையும் செய்துவிட்டு 'காதலிக்க நேரமில்லை'யை வீட்டாரோடு மறுபடி பார்த்து எனக்கு எழுது. முத்துராமன் கிழவர் வேஷத்தில் பணக்காரராக வந்ததும் பாலையா குழைகிற குழைவில் உன் சம்பந்தியாவது சிரிக்காமல் இருக்கிறாரா பார்ப்போம்.

தை பிறந்ததும் நாங்கள் புனேவுக்கு வருவதாக இருக்கிறோம். டிக்கெட் இன்னும் போடவில்லை, பேரனின் பள்ளி லீவு தெரிந்ததும் போடுவேன். ஹார்டு டிஸ்கில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வருகிறேன். தங்கச்சிக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. ஜவ்வரிசியும் வடகமும் எப்படியும் வரும்.

அன்புடன்,
சேகர்