‘தலை’யைத் ‘தைல’ என்று கேட்பவனின் மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு, வணக்கம்.

நான் பார்வையற்றவன். பார்வையற்றவர்கள் கணினியையும் கைப்பேசியையும் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான வழிகளை ஆராய்வது என் தொழில். ஆனால் இந்த மடலை எழுதுவது ஆய்வாளன் அல்ல, உங்கள் வாசகன். சரியாகச் சொன்னால், வாசகனாக முயன்று அடிக்கடி தோற்றுப்போகிறவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்கு எழுதினேன். நாவலின் கணினிக் கோப்பைத் தந்தால் அச்சுப் புத்தகத்தின் முழு விலையையும் தருகிறேன் என்றேன். பத்து நாளில் கூரியர் வந்தது. உள்ளே அதே நாவல், அச்சில். பணம் வேண்டாம் என்று ஒரு கடிதமும் வைத்திருந்தார்கள். கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொன்னான். அவர்களுடைய நல்ல மனத்தில் எனக்கு ஐயமே இல்லை. நான் கேட்டது என்ன என்பதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். ஆனால் என்னைப் போலவே அதுவும் எழுத்தின் உருவத்தைக் காண்பதில்லை. உருவத்துக்கு அடியில் இருக்கும் குறியீட்டைத்தான் படிக்கிறது. பாமினி எழுத்துருவில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் உங்கள் கண்ணுக்கு அம்மா தெரிகிறாள். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். என் காதில் விழுவது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. முந்நூறு பக்க நாவலை இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாறிவிட்டோம் என்று சிலர் சொல்வீர்கள். நன்றி. ஆனால் பிடிஎஃப் ஆக்கும்போது பல நேரம் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் இல்லாமல், தாளில் தெரியும் வரிசையில் பதிந்துவிடுகின்றன. இணைக்கொம்பு ‘ல’வுக்கு முன்னால் நிற்பதால் ‘தலை வலித்தது’ என்பது எனக்குத் ‘தைல வலித்தது’ என்று வருகிறது. ‘அவனோடு’ போனவள் ‘அவேனாடு’ போகிறாள். முதல் பத்துப் பக்கம் சிரிப்பு வரும். அதன் பிறகு உண்மையிலேயே தைலம் தேவைப்படும்.

யாரையாவது படித்துக்காட்டச் சொல்லலாமே என்பீர்கள். கல்லூரிக் காலம் முழுவதும் அப்படித்தான் படித்தேன். படித்துக்காட்டிய தூரத்து உறவு அக்காவுக்கு நான் பட்ட கடன் தீராது. ஆனால் அவர் ஒரு நாவலில் கூச்சப்பட்டுச் சில பக்கங்களைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டார். அந்த நாவலைப் பற்றி நண்பர்களிடம் வீராப்பாகப் பேசியபோதுதான் என்னிடம் பாதிக் கதை இல்லை என்று தெரிந்தது. தனியாகப் படிப்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அதை எப்போதும் பெற்றிருப்பவர்களுக்கு உறைப்பதில்லை.

கோப்பு ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டி.வி. ராமனைச் சொல்வேன். புனேயில் பிறந்து, பதினான்கு வயதில் பார்வையை இழந்து, மும்பை ஐஐடி வழியாக கார்னெல் பல்கலைக்கழகம் சென்ற கணினி அறிஞர். 1994-இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக வந்த ‘ஆஸ்டர்’, கணிதச் சமன்பாடுகளைக் குரலில் படிக்கும் மென்பொருள். தன் வழிகாட்டி நாயின் பெயரையே அதற்கு வைத்தார். அடுக்குக்குறி வந்தால் குரல் சுருதி ஏறும்; கீழ்க்குறி வந்தால் இறங்கும். இது சாத்தியமானதற்கு ராமனின் திறமை ஒரு காரணம். இன்னொரு காரணம், அவருக்குக் கிடைத்த கணித நூல்கள் லேடெக் என்ற கணினிக் குறிமுறையில் எழுதப்பட்டிருந்தன: எது அடுக்கு, எது பின்னம் என்று கோப்பே சொன்னது. அந்தப் பக்கங்கள் வெறும் படமாகக் கிடைத்திருந்தால் ராமன் என்ன செய்திருப்பார்?

தமிழில் ஒரு வேடிக்கை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் தன்னார்வலர்கள் தட்டச்சிட்டுத் தந்ததால் சங்கப் பாடல்களைச் சிக்கலின்றிக் கேட்கிறேன். சென்ற மாதம் வெளியான சிறுகதைத் தொகுப்பைக் கேட்க முடியவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய புலவர் எனக்குப் பக்கத்தில் இருக்கிறார். சென்னையில் இருக்கும் எழுத்தாளர் எட்டவில்லை.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, எங்களுக்கேற்ற வடிவில் நூலை மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதியே தேவையில்லை. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். ஆனால் அனுமதி மட்டும் இருந்து என்ன பயன்? ஒரு தன்னார்வலர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறார். மென்பொருள் அதை எழுத்தாக்குகிறது. துணைக்காலை ‘ர’ என்றும் ‘ர’வைத் துணைக்கால் என்றும் எடுத்துக்கொள்கிறது. இன்னொருவர் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்துகிறார். ஒரு நூலுக்கு மாதக்கணக்கில் உழைப்பு. உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் கோப்பை மறுபடி உண்டாக்கத்தான் இத்தனையும்.

கோப்பு வெளியே போனால் திருட்டுப் பதிப்பு வரும் என்ற உங்கள் அச்சம் எனக்குத் தெரியும். அதைக் கேலி செய்ய மாட்டேன். விற்பனை எவ்வளவு என்பதும் தெரியும். ஆனால் திருட்டுப் பிடிஎஃப்கள் இப்போதே சுற்றுகின்றன, அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்தவையாக. படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. ஆக, திருடர்கள்கூடப் பார்வையுள்ளவர்களுக்குத்தான் சேவை செய்கிறார்கள். காசு கொடுத்து வாங்க நிற்கும் என்னைத்தான் உங்கள் பூட்டு வெளியே நிறுத்தியிருக்கிறது.

எனவே கேட்கிறேன். புதிய நூல்களை யூனிகோடில் அமைத்து, மின்னூலாக இபப் வடிவில் விற்பனைக்கு வையுங்கள். அச்சுப் பக்க எண்களையும் அதில் குறியுங்கள். முனைவர் பட்ட மாணவர் மேற்கோளுக்குப் பக்க எண் தராவிட்டால் நெறியாளர் விடமாட்டார், அந்த எண்ணுக்காகவே எங்கள் மாணவர்கள் நூலகத்தில் ஆள் தேடி அலைகிறார்கள். பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளைப் பார்வையற்றோருக்கான நூலகங்களுக்கு அப்படியே கொடுத்தாலும் போதும். எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்கள் எங்களைப் போன்றோரும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே சட்டம் வந்து தட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சோதிப்பதற்கு நிபுணர் தேவையில்லை. உங்கள் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். எழுத்து இடம் மாறாமல் தமிழாக வந்தால் நான் படிப்பேன்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு மடிக்கணினியோடு வருகிறேன். உங்கள் அரங்கில் ஒரு நாற்காலி கொடுங்கள். கூட்டத்தில் காதில் விழாது, ஹெட்போன் நானே கொண்டுவருகிறேன். அதை ஐந்து நிமிடம் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
பார்வையற்ற வாசகன் ஒருவன்