கிண்டில் வாங்கும் முன்: ஆர்.கே. புரம் மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பார்வை குறைந்துவிட்டதால் இனிப் புத்தகங்களைக் காதால் கேட்க வேண்டியிருக்கிறது என்றும், அதற்காக மகன் கிண்டில் (அமேசானின் மின்னூல் கருவி) வாங்கி அனுப்பப் போவதாகவும், அதற்கு முன் எது நல்லது என்று சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். ஆர்டர் போட்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கிண்டில் மோசமான கருவி இல்லை. ஆனால் அது தமிழைக் காட்டும், பேசாது.

கிண்டில் கடையில் 2016 கடைசியிலிருந்தே தமிழ் நூல்கள் விற்பனைக்கு உண்டு. காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை கிண்டிலில் வாய்ஸ்வியூ என்ற ஸ்கிரீன் ரீடரும் (திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருள்) இருக்கிறது. கருவியில் ஸ்பீக்கர் கிடையாது என்பதால் புளூடூத் ஹெட்போனை இணைப்புக்குத் தயாராக வைத்து, பவர் பட்டனை 7 நொடி அழுத்தி விட்டு, இரண்டு விரலைச் சற்று விலக்கித் திரையில் ஒரு நொடி வைக்க வேண்டும். ஹெட்போன் பிடிபட 2 நிமிடம்கூட ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து மறுபடி பட்டனை அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து. இவ்வளவும் செய்து முடித்தால் வருவது ஆங்கிலக் குரல். ஆங்கில நாவல் மட்டும் படிப்பவர் தாராளமாக வாங்கலாம். அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கும் உங்களுக்கு அது உதவாது. ஓரப் பார்வை கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாமே என்று தோன்றும். 6 அங்குலத் திரையில் எழுத்தைக் கடைசி அளவுக்குக் கொண்டுபோனால் வரிக்கு இரண்டு சொல்தான் நிற்கும். அந்த ஆசைக்கு 10 அங்குல டேப்லட், கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து என்று போவதே மேல்.

எல்லோரும் முதலில் கருவியைத் தேடுகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது எழுத்து, அதாவது கோப்புக்குள் தமிழ் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பது. இதை விளக்கிச் சொல்வதைவிடக் காதால் கேட்பது எளிது. இந்தக் கடிதத்தையும் போன்தானே உங்களுக்கு வாசிக்கிறது? இப்போது ஒரே சொல்லை இரண்டு முறை எழுதுகிறேன். முதலில்: பொன். அடுத்தது: ெபான். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். காதுக்கு இரண்டாவது ‘பான்’ என்றோ, நடுவில் தடுக்கியோ கேட்டிருக்கும். போனில் கோளாறு இல்லை; வேண்டுமென்றே உடைத்து வைத்தேன்.

காரணம் இதுதான். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் ‘பொ’ என்பது ப, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்க வேண்டும். அச்சில் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. பிடிஎஃப் என்பது காகிதத்தின் படம் மாதிரி. எந்த வடிவம் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் அதற்கு முக்கியம். அதிலிருந்து எழுத்தை உருவும்போது கொம்பு தனி, ப தனி, கால் தனி என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வந்து விழுகிறது. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள், ஐகாரக் குறி வந்த எழுத்துகள் எல்லாம் இப்படிச் சிதறும். தமிழில் அவை இல்லாத வரி எத்தனை இருக்கும்? அதனால்தான் பிடிஎஃப்பில் வாங்கிய நல்ல நாவல்கூட உளறலாகக் கேட்கிறது. ஒரே நூல் ஈபப் (எழுத்தை எழுத்தாகவே வைத்திருக்கும் மின்னூல் கோப்பு) வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் கிடைத்தால் யோசிக்காமல் ஈபப்பை எடுங்கள்.

இன்னொரு திருட்டுத்தனம் ஔகாரத்தில். ‘கௌரவம்’ என்பதில் வருவது ஒற்றை எழுத்து. தட்டச்சு செய்பவர் பலர் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’ போட்டுவிடுகிறார்கள்: கெளரவம். பிழை திருத்துபவர் கண்ணுக்கும் சிக்காது. உங்கள் காதில் மட்டும் ‘கெ-ளரவம்’ என்று விழும். இது ஈபப்பிலும் உண்டு. படைப்பாளியின் தவறும் இல்லை, குரலின் தவறும் இல்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய கோப்புகளில் வேறு தொல்லை. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தமிழ் வேஷம். ‘அம்மா’ என்ற இடத்தில் ஸ்கிரீன் ரீடர் ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’ என்று சொன்னால் அது பாமினி. தூக்கிப் போட வேண்டாம். கணினியில் என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக மாற்றினால் ஒழுங்காகப் பேசும்.

அடுத்தது குரல். உங்கள் ஆண்ட்ராய்டு போனே போதும் என்பது என் கட்சி. செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் டெக்ஸ்ட் டு ஸ்பீச் (சாம்சங்கில் ஜெனரல் மேனேஜ்மென்ட்டுக்குள் இருக்கும்). கூகுள் எஞ்சினைத் தேர்ந்து, பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி, இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டாவில் தமிழ் (இந்தியா). ஆண் குரல், பெண் குரல் என்று சில இருக்கும். எது உறுத்தாமல் ஒரு மணி நேரம் கேட்க முடிகிறதோ அது. இறங்கி முடிந்ததும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பேசினால் குரல் போனுக்குள் வந்துவிட்டது. மக்கர் செய்தால் அது இன்னும் இணையத்தை நம்பி ஓடுகிறது. ரயிலில் ஆக்ராவைத் தாண்டியதும் ஊமையாகிவிடும்.

சில நேரம் பக்கத்தில் உள்ள எண்களை மட்டும் சொல்லிவிட்டுத் தமிழை முழுசாக விழுங்கும். நூலில் குறை இல்லை. ஆங்கிலக் குரல் தேர்வாகிக் கிடக்கிறது, அதற்குத் தமிழ் எழுத்து என்றால் வெற்றிடம். மொழியைத் தமிழுக்கு மாற்றினால் சரியாகும்.

கிண்டில் நூல்களை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கருவி வேண்டாம், போனில் கிண்டில் ஆப் போதும். ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக் ஓடும்போது (அதை இயக்க இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து 3 நொடி அழுத்த வேண்டும்) நூலைத் திறந்து, விரலைக் கீழே இழுத்து அப்படியே வலப்பக்கம் திருப்பினால் டாக்பேக் மெனு வரும். அதில் ‘ரீட் ஃபிரம் நெக்ஸ்ட் ஐட்டம்’. பக்கம் தானாகத் திரும்பும். நிறுத்த, இரண்டு விரலால் ஒரு தட்டு. காசு கொடுக்கும் முன் நூலின் விவரப் பகுதியில் ‘ஸ்கிரீன் ரீடர்: சப்போர்ட்டட்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதோடு இலவச சாம்பிளை இறக்கி இரண்டு பக்கம் கேளுங்கள். பக்கங்களைப் படமாகவே ஏற்றிய நூலும் விற்பனையில் உண்டு. அட்டையைப் பார்த்து அது தெரியாது.

கடையில் வாங்காத ஈபப், டெக்ஸ்ட் கோப்புகளுக்கு வாய்ஸ் அலவுட் ரீடர். டெய்சி நூல்களுக்கு (பார்வையற்றோருக்கான பேசும் நூல் வடிவம்) ஈசி ரீடர். இந்த வாசிப்பு ஆப்கள் சொந்தமாகவே பேசும் என்பதால் டாக்பேக்கும் சேர்ந்து ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்கலாம். பிளேயைத் தட்டியதும் விரலை எடுத்துத் திரையை அணைத்துவிடுங்கள், டாக்பேக் அடங்கிவிடும். திரை அணைந்த ஐந்து நிமிடத்தில் வாசிப்பும் நின்றுபோனால் போன் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்பைக் கொன்றிருக்கிறது. அந்த ஆப்பின் பேட்டரி அமைப்பில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். புகார் சொல்பவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான், ஆப்பை மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள்.

நூல்கள் எங்கே? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமை நூல்கள் வரை எழுத்தாகவே உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸில் ஈபப் இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பெரிய புதையல்தான், ஆனால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள்; அப்படியே கேட்க முடியாது. பார்வையற்றவர்களுக்கென்றே 2016-இல் வந்த இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவில் சேர, டெய்சி ஃபோரம் ஆஃப் இந்தியா என்ற கூட்டமைப்பின் உறுப்பு அமைப்பு ஒன்றின் வழியாகப் போக வேண்டும். ஊனச் சான்றோ யுடிஐடி (ஊனமுற்றோர் தனி அடையாள) அட்டையோ கையில் இருக்கட்டும். உங்களுக்கு ஒரு வசதி: பார்வையற்றோர் தேசிய சங்கத்தின் டெல்லி அலுவலகமும், தில்லித் தமிழ்ச் சங்கமும் உங்கள் ஆர்.கே. புரத்தின் செக்டர் 5-இலேயே இருக்கின்றன. சேரும் வழியை முதலாவதில் விசாரித்துவிட்டு, அதே ஆட்டோவில் சங்கத்துக்கும் போய்வரலாம். டெய்சி நூலை இறக்கினால் அது ஒற்றைக் கோப்பாக இராது. ஒரு ஃபோல்டரையே ஜிப்பாகக் கட்டித் தருவார்கள். உள்ளே இருப்பதில் ஒன்றை மட்டும் எடுத்துத் திறந்து ‘வேலை செய்யவில்லை’ என்று சொல்லக் கூடாது. முழு ஜிப்பையும் ஈசி ரீடரிடம் கொடுங்கள்.

உங்கள் அலமாரிப் புத்தகங்கள் பற்றி. அவற்றை ஸ்கேன் செய்ய யார் அனுமதியும் வேண்டாம். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(zb), ஊனமுற்றோர் படிக்கும்படியான வடிவுக்கு நூலை மாற்றவும், தனிப்பட்ட வாசிப்புக்காக இன்னொரு ஊனமுற்றவரிடம் பகிரவும் இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல் கிடைக்க வழிசெய்யும் பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-இல் முதலில் ஒப்புதல் தந்த நாடும் இந்தியாதான்.

செய்முறை: ஸ்கேனரில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரே ஸ்கேல் (கறுப்பு-வெள்ளைச் சாயல்) என்று வையுங்கள். முதுகுப் பக்கம் வளையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வளைந்த ஓரத்தில்தான் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் வலது கிளிக், ‘ஓப்பன் வித் கூகுள் டாக்ஸ்’. ஒரு கோப்பு 2 எம்பிக்குள் இருப்பது நல்லது, ஆகவே பத்துப் பத்துப் பக்கமாகப் பிரியுங்கள். வரும் எழுத்தில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வரும்: ‘பாட்டு’ என்பது ‘பரட்டு’ ஆகும். பக்கத் தலைப்பும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவே புகுந்து நிற்கும். பேத்தியை உட்கார்த்தி அவற்றை மட்டுமாவது நீக்கிவிட்டால் கேட்க இதமாக இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல் என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னையும், காலை உள்ளே சுழித்த ணா, றா, னா வகையும் சேர்ந்து 13 எழுத்துகளில் இயந்திரம் தடுமாறும். அந்த வகை நூலுக்கு யாராவது வாசித்துப் பதிவு செய்து தருவதே சிறப்பு.

தனியாக டெய்சி பிளேயர்? தொடுதிரை விரலுக்கு ஒத்துவராதவர்களுக்கு விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் போன்ற பட்டன் கருவி வரம்தான். பழைய போன் மாதிரி எண் பட்டன். அத்தியாயம், பகுதி, பக்கம் என்று தாவலாம். நிறுத்திய இடம் மறக்காது. மனிதர் வாசித்துப் பதிந்த நூலுக்குக் குரல் எஞ்சினே தேவையில்லை. வெறும் எழுத்துக் கோப்பைத் தமிழில் வாசிக்குமா என்பதை மட்டும் விற்பவரிடம் வாசிக்க வைத்துக் கேட்டுவிடுங்கள். ஊனமுற்றோருக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் டெய்சி பிளேயரும் வரும் என்பதால், சொந்தக் காசைப் போடும் முன் அதை விசாரிக்கலாம். எழுத்தை விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக்கிக் காட்டும் பிரெயில் கருவி இப்போதைக்கு வேண்டாம். பிரெயில் கற்றுக்கொண்ட பிறகு பேசலாம்.

எதை வாங்கினாலும் டெமோ விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டெல்லியின் கணினிச் சந்தையான நேரு பிளேஸில் எந்தக் கடைக்காரரும் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேசவைத்துக் காட்டுவார், அது தேனாக ஒழுகும். கூட வந்தவரிடம் விலை பேசுவார். காதில் மாட்டிக் கேட்கப் போவது நீங்கள் என்று நினைவுபடுத்துங்கள். கீழே உள்ள ஐந்து வரியை ஒரு டெக்ஸ்ட் கோப்பாக மெமரி கார்டில் போட்டுக்கொண்டு போய், அதை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் வரி ழ, ள, ல மூன்றும் பிரிந்து ஒலிக்கிறதா என்பதற்கு. இரண்டாவது கொம்பும் காலும். மூன்றாவது ஔகாரம். நான்காவதில் ‘ரூ.’ என்பதை ரூபாய் என்று சொல்ல வேண்டும், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று முழுசாக வர வேண்டும். ஐந்தாவதில் ஆண்டு தமிழில் வருகிறதா, இடையில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறதா என்று கேளுங்கள். இரண்டாம் வரியிலேயே இடறினால் மீதியைக் கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.

பழுத்த பழம் பள்ளத்தில் விழுந்ததைப் பல்லி பார்த்தது.
பொன்னையன் கோவிலுக்குப் போனதைக் கேட்டுக் கொள்ளுப் பேரன் சிரித்தான்.
கௌரிக்கு வௌவால் என்றால் பயம்.
மூன்றாம் மாடி வாடகை ரூ. 12,500, அறை எண் 304.
அவர் 1982-இல் டெல்லிக்கு வந்தார்.