வலையோடு போன திமிங்கலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உவரிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. போன மாசி மாதம் ஒரு விடியற்காலையில் என் அப்பாவும் தம்பியும் பாதி வலையோடு கரைக்கு வந்தார்கள். இரவில் வழிவலையை (நீரோட்டத்தோடு மிதந்துபோகிற வலை) விட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர்கள், வள்ளம் தானாக இழுபடுவது தெரிந்து எழுந்திருக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் மிதப்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போகின்றன, கொஞ்ச நேரத்தில் ஓங்கலைப் (டால்பின்) போல எத்தனையோ மடங்கு பெரிய முதுகு ஒன்று மேலே வந்து மூச்சு விட்டிருக்கிறது. தம்பி, "வலைக்கடன் இன்னும் முடியலப்பா" என்று தயங்கியிருக்கிறான். அப்பா, "அறுத்து விடுல, உயிரு தவிக்குது" என்று சொல்லிவிட்டு அவரே கத்தியை எடுத்து அறுத்திருக்கிறார்.

முற்றத்தில் விரித்துப் போட்ட மீதி வலையைப் பார்த்தேன். அறுந்த முனையில் இரண்டு முழம் கயிற்றில் கறுப்பாக மெல்லிய தோல் ஒட்டியிருந்தது, நனைந்த ரப்பர் மாதிரி. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்பா நிம்மதியாகத்தான் இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. போன பாதி வலை எங்கே? அந்தத் திமிங்கலத்தின் உடம்பைச் சுற்றிக்கொண்டுதானே போயிருக்கும்? அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன், படித்ததை உங்கள் பத்திரிகை வழியாக நம் கரைக்காரர்களும் அதிகாரிகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்கா, கனடா கிழக்குக் கடலில் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் என்று ஓர் இனம் உண்டு. உலகத்தில் மொத்தமே 400-க்கும் குறைவாகத்தான் மிச்சம். அவற்றில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒரு தடவையாவது கயிற்றில் மாட்டிய தழும்போடு திரிகின்றன. அங்கே நம் ஊர் மாதிரி சிங்கி இறாலுக்கு வலை விடுவதில்லை, கூண்டு இறக்குவார்கள் (அந்தச் சிங்கிக்குப் பெரிய கொடுக்கும் உண்டு). கடலடியில் கிடக்கும் கூண்டிலிருந்து மேலே மிதப்பு வரை நிற்கிற கயிறுதான் எமன். இந்தத் திமிங்கலம் வாயைத் திறந்துகொண்டே மேய்கிற பிராணி, கயிறு வாய்க்குள் போய்விடும், மிரண்டு உருளும்போது துடுப்பிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும். உடனே சாவதில்லை, அதுதான் கொடுமை. கயிற்றையும் மிதப்பையும் சில சமயம் கூண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே நீந்தி, இரை எடுக்க முடியாமல் மெலிந்து, கயிறு சதையை அறுத்து எலும்பு வரை இறங்கி, ஆறு மாதம் போல ஆகுமாம் சாவதற்கு. பிழைத்தாலும் உடம்பில் தெம்பு இல்லாததால் பெண் திமிங்கலங்கள் குட்டி போடுவது வெகுவாகக் குறைந்துபோய்விட்டது.

இந்த இனத்தில் ஸ்னோ கோன் என்று பேர் வைத்த ஒரு தாய்த் திமிங்கலத்தின் கதையைப் படித்து அழுதேவிட்டேன். 2020-இல் அதன் குட்டி கப்பலில் அடிபட்டுச் செத்தது. 2021 மார்ச்சில் அதையே கயிறு சுற்றிய நிலையில் கண்டார்கள். மீட்புக் குழுவினர் முடிந்த அளவுக்கு அறுத்தார்கள், முழுவதும் எடுக்க முடியவில்லை. அதே கயிற்றோடு அந்த டிசம்பரில் இன்னொரு குட்டியை ஈன்று பக்கத்தில் வைத்துக்கொண்டு நீந்தியது. அடுத்த ஆண்டு நடுவில் பார்த்தபோது குட்டி இல்லை. 2022 செப்டம்பரில் பார்த்தபோது புதிதாக வேறு கயிறும் சேர்ந்து, தோல் வெளிறி, உடம்பெல்லாம் பேன் மண்டிக் கிடந்தது. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை.

அங்கே நடப்பது நமக்கு எதற்கு என்று நினைக்கக் கூடாது. அரபிக்கடலில் ஒரு கூனல் முதுகுத் திமிங்கல இனம் இருக்கிறது, மற்றவை போலக் குளிர்க்கடலுக்குப் போய்வராமல் வருஷம் முழுக்க இந்தப் பக்கமே வாழ்கிறது. ஓமன் பக்கத்தில் எண்ணியதில் 100-கூடத் தேறவில்லை. அதற்கும் பெரிய ஆபத்து மீன்வலைதான். தாத்தா காலத்தில் பருத்தி நூல் வலை, உறுதிக்காகப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு எடுப்பார்கள், கடலில் தொலைந்தாலும் மக்கிவிடும். இப்போது நைலானும் தங்கூசியும் (ஒற்றை இழை பிளாஸ்டிக் நரம்பு) மக்குவதே இல்லை.

மீனவர்களைக் குற்றம் சொல்லி இதை எழுதவில்லை. 2016 ஜனவரியில் மணப்பாடு முதல் கல்லாமொழி வரை 80 திமிங்கலங்கள் போலக் கரையேறியபோது தண்ணீரில் இறங்கி இழுத்துப்போய் விட்டவர்கள் நம் ஆட்கள்தான், விட்டவை திரும்பத் திரும்ப வந்து ஒதுங்கியபோதும் விடாமல் மல்லுக்கட்டினார்கள். அது வலையால் வந்த சாவு இல்லை, சரி. ஆனால் அன்றைக்கு அதிகாரிகளும் கேமராவும் கூட்டமும் வந்தன. நடுக்கடலில் வலையைச் சுமந்துகொண்டு ஒற்றையாகச் சாகிற திமிங்கலத்துக்கு யார் வருவார்?

நடந்ததைச் சொல்ல ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "செத்துதா?" என்பதுதான். இல்லை என்றதும், "அப்போ வெளியில சொல்லிட்டுத் திரியாதீங்க, அட்டவணை ஒன்றுல உள்ள உயிரினம், கேஸ் ஆயிடும்" என்று அனுப்பிவிட்டார். 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் உயிர்களின் பட்டியல்தான் அந்த அட்டவணை ஒன்று, அதில் திமிங்கலத்தைச் சேர்த்தது காக்கத்தான். காப்பாற்றியவனைப் பயமுறுத்தினால் அடுத்த தடவை யார் போய்ச் சொல்வார்கள், எத்தனை மாட்டுகிறது என்ற கணக்கு எப்படி வரும்?

மகாராஷ்டிராவில் 2018 டிசம்பரிலேயே இதற்கு வழி செய்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. எங்களுக்கு அன்று போன வலைக்கு அது பாதிகூட ஆகாது, ஆனாலும் கத்தியை எடுக்கத் தயங்குகிற கைக்கு அது பெரிய பலம். நம் அரசும் இதைச் செய்து, கூடுதாழையிலிருந்து கூட்டப்புளி வரை ஒவ்வொரு ஊரிலும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், பழகிய ஆட்கள். 2017 ஜூலையில் கனடாவின் கேம்போபெல்லோ தீவைச் சேர்ந்த ஜோ ஹவ்லெட் என்ற சிங்கி மீனவர், பல வருஷம் திமிங்கலங்களை விடுவித்துப் பழகியவர், கயிற்றை அறுத்து முடித்த கையோடு அந்தத் திமிங்கலமே திரும்பி அடித்ததில் இறந்துபோனார். அவருக்கே அப்படி என்றால் இருட்டில் ஒரு ஃபைபர் வள்ளத்தில் மீன் அறுக்கிற கத்தியோடு நின்ற என் அப்பாவை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிநாட்டில் பெரிய மிதப்பைக் கட்டித் திமிங்கலத்தைக் களைக்க வைத்து, நீண்ட கழியில் வளைந்த கத்தி பொருத்தித் தள்ளி நின்றே அறுக்கிறார்கள், தண்ணீரில் யாரும் இறங்குவதில்லை. நம் கரையில் இதைக் கற்றுக்கொள்ளத் துணிச்சலான பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கற்றுக்கொடுங்கள், கருவி கொடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுக்கிற ஒரு போன் நம்பர் கொடுங்கள்.

அந்தக் கயிற்றுத் துண்டை அப்பா எறியவில்லை, ஓலைப்பெட்டியில் வைத்திருக்கிறார். தேதி, நேரம், எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி போல) ஆழம், ஜிபிஎஸ் காட்டிய இடம் எல்லாவற்றையும் தம்பி நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். கேஸ் போட மாட்டோம் என்று சொல்லி யார் வந்து கேட்டாலும் தருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மகள்,
உவரி அருகில், திருநெல்வேலி மாவட்டம்.